எரிக்கச் சொன்ன பெட்டிகள்: ஹூடினியின் கருவிகளும் கூடையின் காலிவெளியும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆப்பிள்டன் என்றொரு சிறு நகரம் உண்டு. 2004ஆம் ஆண்டு ஜூன் மாதம் அந்நகரின் அவுட்டகேமி அருங்காட்சியகத்தில் ஹாரி ஹூடினியைப் பற்றிய கண்காட்சி ஒன்று திறக்கப்பட்டது. கைவிலங்குகள், சுவரொட்டிகள், புகைப்படங்கள் என்ற அளவில் நின்றிருந்தால் உள்ளூர்ச் செய்தியாகவே அது முடிந்துபோயிருக்கும். ஆனால் ஹூடினி தம் தொழிலின் தொடக்கக் காலத்தில் நிகழ்த்திப் பெயர் பெற்ற ‘மெட்டமார்ஃபசிஸ்’ என்னும் பெட்டி வித்தை எவ்வாறு நிகழ்கிறது என்பதையும் அக்கண்காட்சி பார்வையாளர்களுக்கு விளக்கிக் காட்டியது. உடனே அமெரிக்க வித்தையாளர்களிடமிருந்து கண்டனங்கள் எழுந்தன. டேவிட் காப்பர்ஃபீல்டு உள்ளிட்ட முன்னணிக் கலைஞர்கள் எதிர்த்தனர். இறந்து 78 ஆண்டுகள் ஆகிவிட்ட ஒருவரின் ரகசியத்தை அவர் வளர்ந்த ஊரே காட்டிக்கொடுத்துவிட்டது என்பது அவர்களுடைய குற்றச்சாட்டின் சாரம்.

கண்காட்சியின் பெயர் ‘ஏ.கே.ஏ. ஹூடினி’. காவல்துறைக் குறிப்புகளில் வரும் அந்த மூன்றெழுத்துச் சுருக்கத்தைத் தமிழில் ‘என்கிற’ என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடலாம். எரிக் வைஸ் என்கிற ஹூடினி. அவர் பிறந்தது 1874 மார்ச் 24 அன்று புடாபெஸ்ட் நகரில். தந்தை மேயர் சாமுவேல் வைஸ் ஆப்பிள்டனின் சிறிய யூதச் சபைக்கு ரபியாக வந்ததால் குடும்பம் சில ஆண்டுகள் அங்கே வாழ்ந்தது. பிற்காலத்தில் ஹூடினி தாம் ஆப்பிள்டனிலேயே பிறந்ததாகச் சொல்லி, பிறந்த நாளையும் ஏப்ரல் 6 என்று மாற்றிக்கொண்டார். பெயரும் அவர் செய்துகொண்டதே. பிரெஞ்சு வித்தையாளர் ராபர்ட் ஹூடினின் பெயரோடு ஓர் இகரத்தைச் சேர்த்தால் ‘ஹூடினைப் போன்றவன்’ என்று பொருள்படும் என ஒரு நண்பர் சொன்னதை அவர் நம்பினார். பிரெஞ்சு மொழியில் அப்படி ஒரு விகுதி கிடையாது. தவறான இலக்கணத்திலிருந்து பிறந்த அந்தப் பெயர், மூலப் பெயரைக் காட்டிலும் அதிகம் அறியப்பட்டதாகிவிட்டது.

வித்தையின் வெளித்தோற்றத்தை இங்கே சொல்லிவிடலாம். ஒருவரின் கைகளைப் பின்புறம் கட்டி, அவரைச் சாக்குப் பையினுள் இட்டு, பையின் வாயைக் கட்டி, பெட்டிக்குள் இறக்கி, பெட்டியைப் பூட்டிக் கயிற்றால் வரிந்து கட்டுவார்கள். மற்றொருவர் திரையைப் பிடித்துக்கொண்டு பெட்டியின் அருகே நிற்பார். மூன்று முறை கைதட்டல் கேட்கும். திரை விலகும்போது வெளியே நின்றவர் இருந்த இடத்தில் உள்ளே கட்டப்பட்டவர் நிற்பார். பெட்டியைத் திறந்து பையை அவிழ்த்தால் வெளியே நின்றவர் உள்ளே கட்டுண்டு கிடப்பார். ஹூடினி இதை முதலில் கூட்டாளி ஒருவருடனும், பின்பு தம்பி தியோடருடனும், 1894இல் திருமணம் ஆனபின் மனைவி பெஸ்ஸுடனும் செய்தார். மாற்றம் நிகழும் நேரம் மூன்று விநாடி என்று விளம்பரம் செய்வார். பெட்டி வித்தை அவருடைய கண்டுபிடிப்பன்று. லண்டனில் மாஸ்கலின் என்பவர் 1860களிலேயே அதன் ஒரு வடிவத்தைக் காட்டிவந்தார். அதற்கு வேகத்தைச் சேர்த்ததே ஹூடினியின் பங்கு.

அருங்காட்சியகம் தன் செயலுக்குச் சொன்ன காரணம் எளியது. இந்த ரகசியம் பல பத்தாண்டுகளாக அச்சில் இருக்கிறது. நூலகத்தில் புத்தகத்தைப் புரட்டும் எவரும் அறிந்துகொள்ளலாம். ஆகவே அச்சில் உள்ளதைக் காட்டுவது துரோகமாகாது. இந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் புத்தகத்தைத் தேடிச் சென்று படிப்பவர் அறிய விரும்பித் தேடுகிறார். கண்காட்சிக்கு வருபவர் பலவற்றைப் பார்க்க வந்த இடத்தில் ரகசியத்தையும் எதிர்கொள்கிறார். எதிர்த்தவர்கள் இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்லியிருந்தால் அவர்கள் பக்கம் வலுப்பெற்றிருக்கும். மாறாக, ‘வித்தையாளனின் தருமம்’ என்ற பொதுப்பேச்சே மேலோங்கியது. அந்தத் தருமத்தை ஹூடினி எந்த அளவுக்குக் கடைப்பிடித்தார் என்று பார்த்தால் நிலைமை சிக்கலாகிறது.

முதலில் உயில். 1926 அக்டோபர் 31 அன்று டெட்ராய்ட் மருத்துவமனை ஒன்றில் ஹூடினி இறந்தார். அவருடைய உயில் உடைமைகளை வகைபிரித்தது. வித்தை தொடர்பான நூல்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குச் சென்றன. 1927இல் அந்நூலகம் பெற்றுக்கொண்ட தொகுதிகளின் எண்ணிக்கை 3,988. மேடைக் கருவிகள் யாவும் ஹார்டீன் என்ற பெயரில் வித்தை செய்துவந்த தம்பி தியோடருக்கு. அவர் அவற்றைப் பயன்படுத்தலாம். அவர் இறந்ததும் அவை எரித்து அழிக்கப்பட வேண்டும். நூல் பிழைக்க வேண்டும், கருவி அழிய வேண்டும் என்பதே அந்தப் பிரிவினையின் பொருள். அறிவைப் பொதுவில் வைக்க அவர் தயங்கவில்லை. அந்த அறிவு கைக்கு வந்து சேரும் பொருளைத்தான் அழிக்கச் சொன்னார்.

ஒரே ஒரு கருவி மட்டும் உயிலைக் காத்திராமல் மண்ணுக்குள் போயிற்று. உயிருடன் புதைக்கப்படும் வித்தைக்காகச் செய்யப்பட்ட வெண்கலச் சவப்பெட்டி அது. மற்ற சாமான்கள் நியூயார்க்குக்கு அனுப்பப்பட்டபோது அது தவறுதலாக டெட்ராய்ட்டில் தங்கிவிட்டது. அதிலேயே ஹூடினியின் உடலை வைத்து ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தனர்.

ஹார்டீன் அண்ணனின் கருவிகளோடு இருபதாண்டுகளுக்கு அருகில் மேடையேறினார். 1940களில் அவற்றில் பெரும்பகுதியை மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹோலியோக் ஊரைச் சேர்ந்த சிட்னி ராட்னர் என்னும் இளைஞருக்கு விற்றார். ராட்னரின் குடும்பத் தொழில் தரைவிரிப்பு வணிகம். சூதாட்ட மோசடிகளை அம்பலப்படுத்திச் சொற்பொழிவாற்றுவதிலும் அவர் பெயர் பெற்றவர். ஹார்டீன் 1945 ஜூன் 12 அன்று இறந்தபோது எரிப்பதற்கு அவரிடம் அதிகம் எஞ்சியிருக்கவில்லை. உயிலின் எழுத்தைப் பார்த்தால் ‘இறந்தபின்’ என்றே இருக்கிறது. அவர் விற்றதோ உயிரோடு இருந்தபோது. எழுத்து காப்பாற்றப்பட்டது, கருத்து கைவிடப்பட்டது. உலகில் இன்று எங்கெல்லாம் ஹூடினியின் கருவிகள் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றனவோ, அங்கெல்லாம் இந்தத் தம்பியின் மீறலுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

நெருப்பு பின்னர் வேறு வழியில் வந்தது. கனடாவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் 1968இல் ஹூடினிக்கென ஒரு காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. கவிழ்ந்த நிலையில் காலைப் பூட்டி நீருக்குள் தொங்கவிடும் ‘நீர்ச் சித்திரவதைக் கூண்டு’ம் ராட்னரிடமிருந்து கடனாக அங்கே போயிருந்தது. முன்புறம் கனத்த கண்ணாடி, மஹோகனி மரம், உலோகச் சட்டம். 1912 செப்டம்பரில் பெர்லின் நகரின் புஷ் சர்க்கஸில் முதன்முதலாகப் பொதுமக்கள் முன் காட்டப்பட்ட கருவி அது. 1995 ஏப்ரல் 30 அன்று அக்காட்சிக்கூடம் தீக்கிரையானது. கூண்டு அழிந்துவிட்டதாகவே செய்திகள் வந்தன. ஆனால் உலோகச் சட்டம் எஞ்சியிருந்தது. வித்தைக் கருவிகள் செய்வதில் வல்லவரான ஜான் காகன் அதைக் கொண்டு கூண்டை மீட்டுருவாக்கினார். கைவிலங்குகள், பால் கேன், பொதிப்பெட்டி முதலிய சிலவும் தப்பின. இன்று அந்தக் கூண்டில் எவ்வளவு பங்கு ஹூடினி தொட்டது, எவ்வளவு பங்கு காகன் செய்தது என்று ஒரு தொல்பொருள் ஆய்வாளர் கேட்கக்கூடும். சிதைந்த கோயிலைப் புதுக்கிய பின் அதன் காலத்தை எப்படிக் குறிப்பது என்ற பழைய தகராறு இங்கே மேடைச் சாமான் ஒன்றைச் சுற்றி எழுகிறது.

ராட்னரின் தொகுப்பின் பெரும்பகுதி ஆப்பிள்டன் அருங்காட்சியகத்தில் கடனாக வைக்கப்பட்டிருந்தது. 2003இல் அவர் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். 2004 அக்டோபர் 30 அன்று லாஸ் வேகாஸில் அது ஏலம் விடப்பட்டது. நீர்க்கூண்டை டேவிட் காப்பர்ஃபீல்டு 3,00,000 டாலருக்கு வாங்கினார். ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. ரகசியத்தை விளக்கிய ஆப்பிள்டன் கண்காட்சி, கடன் பொருள்கள் வெளியேறிய பின்னரே திறக்கப்பட்டது. கருவிகளின் பெரும்பங்கை இழந்த காட்சிக்கூடம் விளக்கத்தின் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை. அசல் பொருள் கையில் இருக்கும் வரை அதன் வெறும் இருப்பே போதுமானது. ‘இதை அவர் தொட்டார்’ என்ற ஒற்றை வரி கூட்டத்தைக் கூட்டும். பொருள் போனபின் செயல்முறையைக் காட்டுவதைத் தவிர வேறு வழி குறைவு. அருங்காட்சியகம் இவ்வாறு சொல்லவில்லை, வரிசை சொல்கிறது.

காப்பர்ஃபீல்டின் தொகுப்பு லாஸ் வேகாஸில் ஒரு தனியார் கட்டடத்தில் இருக்கிறது. அழைக்கப்பட்டவர்களே நுழைய முடியும். 2010 அக்டோபர் முதல் 2011 மார்ச் வரை நியூயார்க்கின் யூத அருங்காட்சியகம் ஹூடினியைப் பற்றி ஒரு பெரிய கண்காட்சியை நடத்தியது. அங்கே பால் கேனும் கைவிலங்குகளும் இறுக்குச் சட்டையும் இருந்தன. நீர்க்கூண்டுக்கு மட்டும் மறுபடைப்பு ஒன்று வைக்கப்பட்டது. ரகசியத்தைக் காக்க வேண்டும் என்று வாதாடியவரிடம் அசல் போய்ச் சேர்ந்தது; பொதுமக்களுக்கு நகல் கிடைத்தது. இதில் தவறு கண்டுபிடிப்பது எளிது. ஆனால் பொதுநிதியில் இயங்கும் எந்த நிறுவனமும் அந்த விலையைக் கொடுக்க முன்வரவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இனி ஹூடினியின் தருமத்துக்கு வரலாம். அவர் தம் காலத்தின் மிகப் பெரிய ரகசிய உடைப்பாளர். கைவிலங்கு வித்தையில் போலிகள் பெருகியபோது, அவர்களுடைய பிழைப்பைக் கெடுக்கும்படி கைவிலங்கு ரகசியங்களைத் தாமே நூலாக வெளியிட்டார். 1920களில் ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன ஊடகர்களின் தந்திரங்களை மேடையில் ஒவ்வொன்றாகச் செய்துகாட்டினார். 1908இல் வெளிவந்த அவருடைய ‘ராபர்ட் ஹூடினின் முகத்திரையைக் கிழித்தல்’ என்னும் நூல், தமக்குப் பெயர் தந்த முன்னோரையே திருடர் என்று சாடியது. அந்நூலுக்கான சான்றுகள் சேர்ந்த விதம் ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டியது. லண்டனில் ஹென்றி எவானியன் என்ற முதிய வித்தையாளர் வறுமையிலும் பழைய நிகழ்ச்சித் தாள்களையும் துண்டறிக்கைகளையும் திரட்டி வைத்திருந்தார். 1904இல் அவரைக் கண்டுபிடித்த ஹூடினி அவரிடமிருந்து பெருமளவு வாங்கினார். எவானியன் அதற்கு முன்பே விற்ற பகுதி இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. யாரும் வரலாறாக எண்ணாத காகிதங்களை வரலாறாக எண்ணிய இரண்டு பேர் சந்தித்ததால்தான் 18, 19ஆம் நூற்றாண்டுகளின் மேடை வித்தையைப் பற்றி இன்று எழுத முடிகிறது.

தம்முடைய ரகசியத்தைக் காப்பதில் மட்டும் அவர் காட்டிய நுட்பம் வேறு. காப்புரிமை பெற வேண்டுமானால் இயங்குமுறையை வெளியிட வேண்டும். வெளியிட்டால் வித்தை போய்விடும். ஆகவே 1911இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரில் நீர்க்கூண்டு வித்தையை ஒரு நாடகமாக்கி, கட்டணம் செலுத்திய ஒரே ஒரு பார்வையாளரின் முன் அரங்கேற்றினார். நாடகத்துக்குப் பதிப்புரிமை உண்டு. எவரேனும் நகல் எடுத்தால் வழக்குத் தொடுக்கலாம். சட்டம் வித்தையை அறியாது, நாடகத்தை அறியும். அந்த இடைவெளிக்குள் நுழைந்து வெளியே வந்தது அவருடைய மற்ற எந்தத் தப்பித்தலுக்கும் குறைந்ததன்று.

ரகசியம் என்பது பொதுத் தருமம் என்பதைவிட ஒருவகைச் சொத்தாகவே இயங்கியது என்பதை இவையெல்லாம் காட்டுகின்றன. சொத்து என்றால் உரியவர் யார் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியைக் கேட்டவுடன் இந்தியா உள்ளே வந்துவிடுகிறது.

ராபர்ட் ஹூடின் 1847இல் பாரிஸ் மேடையில் தம் மகனைக் காற்றில் கிடத்திக் காட்டினார். சிறுவனின் முழங்கை மட்டும் ஒரு கோலின் மேல் ஊன்றியிருக்கும். ஈதர் என்னும் மயக்க மருந்து புதிதாகப் பேசப்பட்ட காலம். அதை முகர்ந்ததால் உடல் எடையிழந்ததாகச் சொல்லி, மேடைப்புறத்தில் ஈதரைச் சூடான இரும்பில் ஊற்றி அரங்கெங்கும் மணக்கச் செய்தார். இது அவருடைய புத்தாக்கமன்று, இந்தியாவிலிருந்து வந்தது என்பது ஹூடினியின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. அங்கே அவர் சுட்டியது சென்னையை. சேஷால் என்று ஆங்கிலக் குறிப்புகளில் பெயர் காணப்படும் முதியவர் ஒருவர் (சேஷன், சேஷாசலம், சேஷையா என எதுவாகவும் இருக்கலாம்) 1820களின் இறுதியில் சென்னையில் தரையிலிருந்து சில அடி உயரத்தில் அமர்ந்து காட்டினார். சிறு முக்காலி போன்ற பலகை, அதில் செருகிய மூங்கில், மூங்கிலின் மேல் கிடையாக ஒரு மான்தோல் சுருள், அதன்மேல் ஊன்றிய கை. அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். அமரும்போதும் இறங்கும்போதும் போர்வை ஒன்று அவரை மறைக்கும். 1832இல் லண்டனின் ‘சாட்டர்டே மேகசின்’ இதழ் படத்துடன் இச்செய்தியை வெளியிட்டது. மூங்கிலுக்குள்ளும் தோலுக்குள்ளும் இரும்புக் கம்பி இருக்க வேண்டும், அது ஆடைக்குள் மறைந்த இருக்கையோடு இணைய வேண்டும் என்ற விளக்கமும் அச்சேறியது.

ராபர்ட் ஹூடினின் ரகசியத்தை உடைப்பது அவதூறு. ஹூடினியின் ரகசியத்தை உடைப்பது துரோகம். சேஷாலின் ரகசியத்தை உடைப்பதோ, இதழ்கள் வாசகருக்குப் படைத்த பொழுதுபோக்கு அறிவியல். 19ஆம் நூற்றாண்டு ஆங்கில இதழ்களில் இந்தியக் கூடை வித்தைக்கும் மாமரம் வளர்க்கும் வித்தைக்கும் விளக்கம் எழுதாதவர் அரிது. யாரும் கண்டனம் தெரிவிக்கவில்லை. ஸ்டோடேர் என்பவர் 1865இல் லண்டன் எகிப்தியன் ஹாலில் கூடை வித்தையைத் தம்முடைய நிகழ்ச்சியாகக் காட்டினார். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தலைப்பாகை கட்டிக்கொண்டு ‘ஃபக்கீர்’ ஆனவர்கள் பலர். இளம் ஹூடினியும் 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் இந்திய வேடமிட்டு வித்தை செய்ததாக அவருடைய வாழ்க்கை வரலாற்றாளர்கள் எழுதுகின்றனர். அவர் வாழ்நாள் முழுதும் காட்டிய, வாய்க்குள் ஊசிகளையும் நூலையும் விழுங்கிக் கோத்து எடுக்கும் நிகழ்ச்சியை ‘கிழக்கிந்திய ஊசி வித்தை’ என்றே விளம்பரப்படுத்தினார். கருவியின் பெயரில் இந்தியா நின்றது, கருவியின் உரிமையில் நிற்கவில்லை.

வாயில் மணி கோக்கும் வித்தையை மேற்கில் பரவலாக அறியச் செய்தவர் ராமோ சாமி என்று துண்டறிக்கைகளில் அச்சான ராமசாமி. 1810களில் லண்டனுக்கு வந்த இந்திய வித்தையாளர்களுள் அவர் புகழ்பெற்றவர். பித்தளைப் பந்துகளை எறிந்து பிடிப்பார், வாளை விழுங்குவார், 1819இல் அமெரிக்காவுக்கும் சென்று நிகழ்ச்சி நடத்தினார். வில்லியம் ஹாஸ்லிட் 1821இல் நூலில் சேர்த்த ‘இந்திய வித்தையாளர்கள்’ கட்டுரை, நான்கு பந்துகளை இடைவிடாமல் சுழற்றும் கையைக் கண்டு, தம் எழுத்தில் அத்தகைய பிழையின்மை எங்கே என்று தம்மையே கேட்டுக்கொண்டது. ஆங்கில உரைநடையின் சிறந்த கட்டுரைகளில் ஒன்றாக இன்றும் அது பாடத்திட்டங்களில் இருக்கிறது. ராமசாமி 1850இல் லண்டனில் இறந்தபோது அடக்கச் செலவுக்கு வழியில்லாமல் அவர் மனைவி செய்தித்தாள் வழியே உதவி கேட்டார்.

பெயர் மட்டும் வேறொரு வகையில் பிழைத்தது. ஆங்கிலோ இந்தியச் சொற்களின் அகராதியான ஹாப்சன் ஜாப்சன் (1886) ‘ராமசாமி’ என்பதற்குத் தனிப்பதிவு தருகிறது. தென்னிந்திய இந்து எவரையும் பொதுவாகக் குறிக்க ஐரோப்பியர் கையாளும் பெயர் என்பது ஒரு பொருள். சுருட்டுப் பற்றவைக்கக் குழாய்க்குள் வைத்த பஞ்சுத்திரி என்பது மற்றொரு பொருள். ஒருவரின் இயற்பெயர் இனப்பெயராகி, பின்பு பொருட்பெயராகவும் தேய்ந்த கதை இது. ‘ஹூடினி’ என்பதும் ஆங்கிலத்தில் பொதுச்சொல் ஆகிவிட்டதுதான். ஆனால் அங்கே அது தப்பிக்கத் தெரிந்தவனைக் குறிக்கிறது.

இந்திய வித்தைக் கருவிகளுக்கு ஒரு கண்காட்சி அமைத்தால் பேழைக்குள் எதை வைப்பது? மொழியிலிருந்து தொடங்கலாம். தமிழில் வஞ்சகத்துக்கு உருவகமாகிவிட்ட ‘செப்படி வித்தை’, ‘செப்பிடு வித்தை’ என்பவற்றில் உள்ள செப்பு சிறு கிண்ணம் அல்லது சிமிழ். செப்பைக் கவிழ்த்து, அதனடியில் உருண்டையை வரவழைத்து மறைப்பதே வித்தை. மலையாளத்தில் இன்றும் ‘செப்பும் பந்தும்’ என்ற பெயர் வழங்குகிறது. வாழக்குன்னம் நம்பூதிரி அதில் ஒப்பற்றவராகக் கேரளத்தில் போற்றப்படுகிறார். ‘கண்கட்டு வித்தை’ பார்ப்பவரின் கண்ணிலிருந்து பெயர் பெற்றது. ‘இந்திரஜாலம்’ தேவனின் வலையிலிருந்து. ‘குறளி வித்தை’ ஏவல் பேயிடமிருந்து. கருவியிலிருந்து பெயர் பெற்றது செப்பிடு வித்தை மட்டுமே எனலாம். பொருளைச் சொல்லிவிட்டு இடுதல் என்னும் கைச்செயலையும் சேர்த்தே அச்சொல் சொல்கிறது. செப்பு தனியே இருந்தால் அது சமையலறைப் பாத்திரம்.

சிக்கல் அங்கேதான். ஹூடினியின் பெட்டிக்குள் ஏதோ ஒன்று ‘செய்யப்பட்டிருக்கிறது’. அதனால் அதைக் காட்டவும் மறைக்கவும் முடியும். வடஇந்திய மதாரியின் கூடை உண்மையிலேயே கூடை. துணி உண்மையிலேயே துணி. டமரு ஒலி, ஜமூரா எனப்படும் சிறுவனோடு நடத்தும் கேள்விபதில், கூட்டத்தை வட்டமாக நிறுத்திக் கவனத்தைத் திருப்பும் பேச்சு ஆகியவற்றில்தான் வித்தையின் பெரும்பங்கு இருக்கிறது. கூடையைப் பேழைக்குள் வைத்துப் பெயர்ச்சீட்டு ஒட்டினால் எஞ்சுவது கைவினைப் பொருள்; ஒலிப்பு மறைந்துபோன மொழியின் எழுத்துப்பலகையைப் போன்றது அது. ஆப்பிள்டனில் எழுந்த சண்டை, காட்டினால் கெட்டுவிடுமோ என்பதைப் பற்றியது. இங்கே காட்டுவதற்கே எதுவும் இல்லாததுபோல் தோன்றுவது அதைவிடக் கடினமான இடர்.

விதிவிலக்கு லோட்டா. சொம்பைக் கவிழ்த்து நீர் முழுவதையும் ஊற்றிவிட்டு, சற்று நேரம் கழித்து மீண்டும் ஊற்றினால் நீர் வரும்; மறுபடியும் வரும். இரட்டைச் சுவருக்கு நடுவே நீர். விரலால் மூடித் திறக்கும் சிறு துளை. காற்று புகுந்தால் நீர் இறங்கும், புகாவிட்டால் நிற்கும். எட்டாம் வகுப்பு இயற்பியல்தான். இந்தியச் சொல்லாலேயே ‘லோட்டா’ என்று மேற்கத்திய வித்தைக் கடைகளில் அது விற்பனையாயிற்று. பி. சி. சர்க்கார் தம் ‘இந்திரஜால்’ நிகழ்ச்சியில் அதை ‘வாட்டர் ஆஃப் இந்தியா’ ஆக்கி, ஒவ்வொரு வித்தைக்கு இடையிலும் வந்து அதே சொம்பிலிருந்து நீரை ஊற்றுவார். மேற்கத்தியர் ஃபக்கீர் வேடம் போட்ட அதே மேடைகளில் மகாராஜா உடையில் ஏறியவர் அவர். 1956 ஏப்ரல் 9 அன்று பிபிசியின் ‘பனோரமா’ நிகழ்ச்சியில் ஒரு பெண்ணை வட்ட ரம்பத்தால் அறுத்தார். அவள் எழுவதற்குள் நேரம் முடிந்து ஒளிபரப்பு நின்றது. கொலை நடந்துவிட்டதென்று எண்ணிய பார்வையாளர்களின் அழைப்புகளால் நிலையத்தின் தொலைபேசிகள் திணறின. நேரம் தற்செயலாக முடிந்ததா என்று அன்றே ஐயப்பட்டவர்கள் உண்டு. ஐயப்படுவதற்குக் காரணமும் உண்டு.

இல்லாத பொருளும் ஒன்று கண்காட்சிகளில் இடம்பெறுவதுண்டு. அந்தரத்தில் நிற்கும் கயிறு. 1890 ஆகஸ்ட் 8 அன்று ‘சிகாகோ டெய்லி ட்ரிப்யூன்’ வெளியிட்ட ஒரு கட்டுக்கதையே இந்தியக் கயிற்று வித்தையை உலகெங்கும் பரப்பியது. நான்கு மாதம் கழித்து இதழே அது கற்பனை என ஒப்புக்கொண்டது. மறுப்பை யாரும் படிக்கவில்லை. எழுதிய ஜான் வில்கி பின்னர் அமெரிக்க ரகசியச் சேவையின் தலைவரானார். பீட்டர் லாமண்ட் இவ்வரலாற்றைத் தனி நூலாக எழுதியிருக்கிறார். அந்தக் கதைக்குப் பொருந்தும்படி ஒரு கயிற்றை நிறுத்திக் காட்டும் பொறுப்பு பிறகு இந்திய வித்தையாளர்மேல் விழுந்தது. டெல்லியின் இஷாமுதீன் கான் 1995இல் குதுப்மினார் அருகே திறந்தவெளியில் கயிற்றை எழுப்பிக் காட்டினார்.

அந்நகரிலேயே அவருடைய தொழிலுக்குச் சட்டத்தில் இருந்த பெயர் வேறு. 1959ஆம் ஆண்டின் பம்பாய் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் டெல்லிக்கும் நீட்டிக்கப்பட்டிருந்தது. பொதுவிடத்தில் பாடியோ ஆடியோ குறிசொல்லியோ வித்தை காட்டியோ பணம் பெறுவதும் அதன் வரையறைப்படி பிச்சை. வாரண்டு இல்லாமல் கைது செய்யலாம். ஹூடினி தம் வித்தையை நாடகம் என்று சட்டத்திடம் சொல்லிக் காத்துக்கொண்டார்; மதாரியின் வித்தையைச் சட்டமே பிச்சை என்று பெயரிட்டு எடுத்துக்கொண்டது. டெல்லி உயர்நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2018 ஆகஸ்ட் 8 அன்று செல்லாதவை என்று தீர்ப்பளித்தது.

அதற்கு முன்பே வேறொன்று நடந்து முடிந்திருந்தது. டெல்லி ஷாதிப்பூரில் வித்தையாளர்களும் பொம்மலாட்டக்காரர்களும் கழைக்கூத்தாடிகளும் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த கத்புத்லி காலனியை, அடுக்குமாடி வீட்டுத் திட்டத்துக்காக டெல்லி வளர்ச்சி ஆணையம் இடிக்கத் தொடங்கியது. அங்கிருந்த குடும்பங்கள் ஆனந்த் பர்பத்தின் தற்காலிகக் குடியிருப்புக்கும் நகர எல்லையிலிருந்த வேறு இடங்களுக்கும் பிரிக்கப்பட்டன. தம்பட்டம், பொம்மைகள், கூடைகள், துணி மூட்டைகள் தெருவில் கிடந்த புகைப்படங்கள் அன்றைய நாளிதழ்களில் உள்ளன. தேதி 2017 அக்டோபர் 30.